தீட்டுக்கு அளவில்லை, மாசுக்கு உண்டு



1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அதன் பிறகு சாதி இந்துக்கள் 108 பானைகள், சாணம், கோமியம், பால், தயிர், மந்திரம் என்று அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நீரில் எது, எத்தனை மில்லிகிராம் கூடிவிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. தீட்டுக்கு அளவு தேவைப்பட்டதே இல்லை.

நிஜமான மாசுக்கு மட்டும் அளவு கேட்பார்கள். கேட்கட்டும். அந்த அளவு நமக்கும் ஆயுதம்தான்.

1974இல் தண்ணீர்ச் சட்டம் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1982இல்தான் அமைந்தது. 1986 சுற்றுச்சூழல் விதிகளில் உள்ள பொது அட்டவணைப்படி, ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கரைந்த உப்புகளுக்கு, அதாவது டி.டி.எஸ்.க்கு, தமிழ்நாட்டு வரம்பு 2100. இதைத்தான் தோல் ஆலைகள் எதிர்த்தன. உப்பைப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம்.

வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும், ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதிகம் பேசப்படாத வரி ஒன்று உண்டு: வாரியம் வகுத்த டி.டி.எஸ். வரம்பு செல்லும், தமிழ்நாட்டின் எல்லா ஆலைகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாழான பிறகுதான் அந்த எண் உறுதியானது.

எண்ணை எட்டச் சுத்திகரித்தால் கசடு மிஞ்சும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சாவுகளுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

இன்னொன்றுக்கும் இடமில்லை: மழை. பொது அட்டவணையில் ஆறு, பொதுச் சாக்கடை, பாசன நிலம், கடற்கரை என நான்கு பத்திகள். மழைநீர் வடிகாலுக்கென்று பத்தி கிடையாது. பெருமழை வந்தால் பாலாற்றில் நுரை மிதப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? அமெரிக்கா 1987லேயே மழைநீரை அனுமதிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் நகராட்சிகளுக்கு 'இயன்றவரை குறைக்கவும்' என்றுதான் எழுதியது. 'இயன்றவரை' என்பதை எந்த ஆய்வகத்தில் அளப்பது? எண் வேண்டும் என்ற சண்டை அங்கேயும் ஓயவில்லை.

சேவூருக்கு வருவோம். இங்கே பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கி, பிறகு சாயமேற்றுகிறார்கள். அந்த நீர் தெருக் கால்வாயில் விழுந்தால், மழை அதைப் பள்ளத்துக்குத்தான் கொண்டுபோகும். பள்ளத்தில் யார் வீடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெசவாளியும் பெருமுதலாளி அல்ல, அவரை எதிரியாக்க நான் எழுதவில்லை. பொதுச் சுத்திகரிப்புக்குப் பணம் போட வேண்டியது அரசு.

நீங்கள் பாட்டிலில் பிடித்துப்போகும் நீர் வழக்கில் சான்றாகாது. 21ஆம் பிரிவின்படி வாரிய அலுவலர் முன்னறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரிதான் செல்லும். ஆனால் 25(6) நம் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கழிவுநீர் வாய்க்கும் விதித்த நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் யாரும் அதைப் பார்க்கலாம். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்ட அலுவலகத்துக்கு நாலு பேராகப் போய் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். ஆலையின் பெயர், வாய், எண் மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.