கல்லில் பூத்த தோட்டம்



நம் பள்ளிவாசல்களின் தூண்களிலும், மிஹ்ராபின் வளைவிலும், தொழுகை விரிப்பிலும் பூவும் கொடியும் படர்ந்திருக்கக் காண்கிறோம். மனித உருவமோ விலங்கின் உருவமோ அங்கே இல்லை. இது தற்செயலாக அமைந்ததன்று.

உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை அவருக்கு எடுத்துரைத்த அவர்கள், செய்தே ஆக வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள்ளுமாறு கூறினார்கள். இதனை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. கலைஞனின் கையை ஒடிக்காமல், அதனைத் தோட்டத்தின் பக்கம் திருப்பிவிட்ட பதில் இது.

ஹிஜ்ரி 72இல் (கி.பி. 691-692) கலீஃபா அப்துல் மலிக் ஜெருசலேமில் எழுப்பிய குப்பத்துஸ் ஸக்ராவின் உட்சுவர்களை வண்ணக் கல் பதித்த மரங்களும் கொடிகளும் அலங்கரிக்கின்றன. அவருடைய மகன் வலீத் 706 முதல் 715 வரை கட்டிய திமிஷ்க் ஜாமிஆ பள்ளியிலோ ஆறும் மரங்களும் மாளிகைகளும் உண்டு. ஓர் ஆளும் இல்லை.

சுவனத்தில் நீர், பால், மது, தேன் ஆகிய நால்வகை ஆறுகள் ஓடுவதைத் திருக்குர்ஆன் (47:15) கூறுகிறது. நான்காகப் பகுக்கப்பட்ட பாரசீகத் தோட்ட அமைப்பில் முஸ்லிம்கள் அந்த ஆறுகளின் நினைவைக் கண்டனர். டில்லியில் ஹுமாயூன் அடக்கத்தலம் அத்தகைய தோட்டத்தின் நடுவே நிற்கிறது. 1632இல் பணி தொடங்கிய தாஜ்மஹாலில் அத்தோட்டம் சுவருக்கே ஏறிவிட்டது. சலவைக்கல்லில் வண்ணக் கற்களைப் பதித்து மலர்களை உருவாக்கினர்.

நம் தமிழ் மண்ணில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி கட்டியதாக வழங்கும் கீழக்கரை ஜும்ஆ பள்ளியைப் பாருங்கள். தமிழகக் கோயில்களின் தூணும் போதிகையும் அங்கே உண்டு. சிலையுருவம் இருக்கவேண்டிய இடத்தில் பூ இருக்கிறது. மார்க்கத்தையும் விடவில்லை, மண்ணின் கலையையும் விடவில்லை!

பூலாம்பாடி மக்களுக்கு உளியோசை புதிதன்று. அருகிலுள்ள அரும்பாவூரின் மரச்சிற்பத்திற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூவிதழைச் செதுக்க எத்தனை பொறுமை வேண்டும் என்பதை அவ்வூரார் அறிவர்.

ஆயினும் அலங்காரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. வேலைப்பாடுள்ள ஓர் ஆடையில் தொழுத நபி (ஸல்) அவர்கள், அது தம் கவனத்தைத் திருப்பியதால் அதனை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, அவருடைய எளிய ஆடையைக் கேட்டுப் பெற்றார்கள். பூ தொழுகைக்குத் துணை நிற்கவேண்டும். தொழுகையைப் பறித்துவிடக் கூடாது.

இன்று புதுப்பித்தல் என்னும் பெயரால் பழைய கல்தூண்களின் மீது எனாமல் பூசுகிறோம். செதுக்கிய மரக்கதவைக் கழற்றி விறகாக விற்கிறோம். பின்னர்க் கடையில் வாங்கிய பூப்போட்ட ஓட்டினைச் சுவரில் ஒட்டுகிறோம். முன்னோர் வியர்வை சிந்திச் செதுக்கிய பூவை நாமே அழித்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு எந்த வரலாற்றைக் காட்டப்போகிறோம்? இடிக்கும் முன் ஜமாஅத்தார் ஒருமுறை கூடிச் சிந்திக்க வேண்டாமா?

கையில் ஒரு கன்று இருக்கும்போது மறுமை நாளே வந்துவிட்டாலும், இயலுமாயின் அதனை நட்டுவிடுமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம். இருக்கும் பூவைக் காப்போம். பள்ளி முற்றத்தில் ஒரு செடியும் நடுவோம். வல்ல அல்லாஹ் வாடாத சுவனத் தோட்டத்தில் நம் அனைவரையும் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.