குரலுக்கு எழுதிய ஒப்பந்தங்கள்

ஆபரா பாடுவதைத் தொழிலாக்கியது வெனிஸ் நகரத்தின் நுழைவுச்சீட்டு. அதற்கு முன் ஃப்ளாரன்ஸ், மாண்டுவா போன்ற இத்தாலிய அரண்மனைகளில் திருமணம், பிறந்தநாள் என்று ஏதேனும் விசேஷம் வந்தால்தான் ஆபரா நடக்கும். பாடியவர்கள் அரண்மனைச் சம்பளக்காரர்கள். பிரபு சொன்ன இடத்தில் சொன்னதைப் பாடுவார்கள். 1637இல் வெனிஸின் சான் காசியானோ அரங்கு, காசு கொடுத்த எவரும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்தது. விரைவிலேயே போட்டி அரங்குகள் முளைத்தன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கித் தவக்காலம் பிறக்கும்வரை நீளும் கார்னிவல்தான் அவற்றுக்கு அறுவடைக்காலம். கூட்டத்தை இழுத்தவர்கள் பாடகர்கள். அதனால் முதல்நிலைப் பாடகியின் ஊதியம் அந்த இசையை எழுதியவரின் ஊதியத்தை எளிதில் மிஞ்சிவிட்டது.

அந்த மேடையின் முதல் பெரும் நட்சத்திரம் ரோமிலிருந்து வந்த அன்னா ரென்சி. 1641இல் நொவிஸ்ஸிமோ அரங்கில் சித்தம் கலங்கியவளாக நடிக்கும் பெண்ணின் வேடம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1643இல் இசையமைப்பாளர் மொன்தெவெர்தியின் 'பொப்பெயாவின் முடிசூட்டல்' ஆபராவில் கைவிடப்பட்ட அரசி ஒத்தாவியாவாகப் பாடினார். மறு ஆண்டே அவரைப் புகழ்ந்து ஒரு நூல் அச்சேறியது. இன்று வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய புதையல், 1644 கார்னிவலுக்காக அவர் செய்துகொண்ட ஒப்பந்தம். ஊதியம் 500 வெள்ளி ஸ்கூடி. உடைகளின் செலவு அரங்கு நடத்துபவருடையது. பாடகியின் உபயோகத்துக்கு அரங்கில் ஒரு தனி மாடம். சில நாள் பாடிய பிறகு அவர் நோயில் விழுந்தால் பாதிப் பணம். அவரைச் சேராத வேறு காரணத்தால் நாடகம் நின்றால் முழுப் பணம். தொண்டை கட்டினால் பிழைப்பு நின்றுபோகும் என்பதை நன்றாக அறிந்த ஒரு பெண் எழுதி வாங்கிய வரிகள் இவை. இத்தொழிலின் எல்லாக் காலத்துக்குமான கவலை அந்தத் தாளில் இருக்கிறது.

எல்லா ஊரிலும் பெண்களுக்கு மேடை கிடைக்கவில்லை. போப்பாண்டவர் ஆட்சியின் பல பகுதிகளில் அவர்கள் மேடையேறத் தடை இருந்தது. தேவாலயப் பாடகர் குழுவிலும் இடமில்லை. அந்த உச்ச ஸ்தாயியை நிரப்பியவர்கள், குரல் உடையும் வயதுக்கு முன்பே விதைநீக்கம் செய்யப்பட்ட காஸ்த்ராத்தோக்கள். சட்டப்படி அது குற்றம். ஆகவே குதிரையிலிருந்து விழுந்தான், பன்றி கடித்தது என்று குடும்பங்கள் காரணம் சொல்லின. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பையன்கள். ஆதரவற்ற சிறுவர்களுக்காகத் தொடங்கிய நேப்பிள்ஸின் நான்கு கன்சர்வத்தோரியோக்கள் இவர்களையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தன. விடியற்காலையில் தொடங்கும் சாதகம், மூச்சுப் பயிற்சி, சுர வரிசை, இசையமைக்கும் கலை என்று அங்கே உருவான பாடமுறைதான் ஐரோப்பியக் குரலிசைக் கல்விக்கு அடித்தளம். அந்தக் கல்வியின் மேன்மையைச் சொல்லும்போது அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. கத்திக்குத் தப்பாத பையன்களில் மிகச் சிலரே நட்சத்திரமானார்கள். பலர் ஏதோ ஓர் ஊர்த் தேவாலயத்தில் பாடியே முடிந்தார்கள்.

அந்தச் சிலரில் தலையாயவர் ஃபரினெல்லி என்று அறியப்பட்ட கார்லோ ப்ரோஸ்கி. 1734 முதல் லண்டனைக் கட்டிப்போட்ட அவர், 1737இல் பொதுமேடையை விட்டே விலகினார். மனச்சோர்வில் கிடந்த ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்புக்காகப் பாட மாட்ரிட் சென்றவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த அரண்மனையிலேயே இருந்தார். நுழைவுச்சீட்டு வளர்த்த ஒரு கலைஞர் மீண்டும் அரசவைச் சம்பளத்துக்கே திரும்பியது, சந்தை எவ்வளவு நிலையற்றது என்பதற்குச் சாட்சி.

சந்தையின் நடுவில் நின்றவர் இம்ப்ரசாரியோ, அதாவது ஒரு பருவத்துக்கு அரங்கைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். பாடகருக்கான தொகையை அவர் தவணைகளாகத் தருவார். வசூல் படுத்தால் கடைசித் தவணையோடு அவரே காணாமல் போவதும் உண்டு. ஆகவே பாடகர்கள் முன்பணத்தில் கறாராக இருந்தார்கள். பருவ முடிவில் ஓர் இரவின் வசூல் முழுவதும் தனக்கே சேரவேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். தரகர்கள் கூடும் ஊராக முதலில் பொலோஞ்ஞாவும் பின்னர் மிலானும் விளங்கின. வேலை தேடும் பாடகர் அங்கே போய்த் தங்கினால் போதும். அவர் பெட்டியில் தனக்குக் கைவந்த சில பாடல்களும் இருக்கும். எந்த ஆபராவானாலும் அதில் தனக்குப் பொருந்தாத பாட்டுக்குப் பதிலாகத் தன் பாட்டைச் செருகிப் பாடும் உரிமை அவருக்கு இருந்தது. இசையமைப்பாளரும் கதாபாத்திரத்தைவிடப் பாடுபவரின் சாரீரத்தை அளந்தே எழுதினார்.

19ஆம் நூற்றாண்டில் இந்த அதிகாரம் கைமாறியது. பருவத்துக்கொரு புது ஆபரா என்ற வழக்கம் தேய்ந்து, பெயர்பெற்ற பழைய படைப்புகளே திரும்பத் திரும்ப மேடையேறின. வேறொருவருக்காக எழுதிய பகுதியை அப்படியே பாடுவது பாடகரின் கடமையானது. எழுதியதை மாற்றினால் அபராதம் என்பதில் இசையமைப்பாளர் வெர்தி உறுதியாக இருந்தார். அரங்குகளும் வாத்தியக் குழுக்களும் பெருத்ததால் குரலிலும் வலுக் கேட்டார்கள். 1837இல் பாரீஸில் டெனர் (ஆணின் உயர்குரல்) பாடகர் ழில்பேர் துப்ரே, ஓர் ஆபரா வேடத்தில் உச்சத்துச் சட்ஜமத்தைத் திறந்த மார்புக் குரலில் முழங்கினார். அதே வேடத்தை முதன்முதலில் பாடி, அந்தச் சுரத்தை மென்மையாகத் தலைக் குரலில் எடுத்துவந்த அடோல்ஃப் நூரி, பாரீஸ் அரங்கை விட்டு இத்தாலிக்குப் போய்ப் புதுமுறையைக் கற்க முயன்றார். குரல் மசியவில்லை. 1839இல் நேப்பிள்ஸில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டும் குரலை இழக்கும் விளிம்புவரை போனவர்தான். ஸ்டாக்ஹோமில் ஓய்வில்லாமல் பாடித் தேய்ந்த தொண்டையோடு 1841இல் பாரீஸில் குரலிசை ஆசிரியர் மனுவேல் கார்சியாவிடம் வந்தார். வயது இருபதுதான். கார்சியா முதலில் விதித்தது மௌனம்: சில வாரங்கள் பாடவே கூடாது. அதன் பிறகே பாடம். உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் அசைவதைக் கண்ணாடி கொண்டு பார்த்து 1855இல் விளக்கியவரும் இதே கார்சியாதான். மீண்ட குரலோடு ஐரோப்பாவை வென்ற லிண்ட், 1849இல் ஆபரா மேடையை விட்டுக் கச்சேரிக்கு மாறினார். மறு ஆண்டு அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் பி. டி. பார்னமுடன் 150 கச்சேரிகளுக்கு உடன்பாடு. கச்சேரிக்கு ஆயிரம் டாலர். அவருக்கும் உடன்வந்த இசைஞர் இருவருக்குமான 1,87,500 டாலரை முன்கூட்டியே லண்டன் வங்கியில் கட்டவேண்டியிருந்தது. நியூயார்க்கில் முதல் கச்சேரியின் முதல் சீட்டு 225 டாலருக்கு ஏலம் போனது. வேடமும் திரையும் இல்லாமல் ஒரு பாடகி தனித்து நின்று இத்தகைய வருவாயை ஈட்டமுடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அதில் பெரும்பகுதியை லிண்ட் ஸ்வீடனில் பள்ளிகளுக்கும் பிற அறப்பணிகளுக்கும் கொடுத்தார்.

1902 ஏப்ரலில் மிலான் ஓட்டல் அறையில் இத்தாலிய டெனர் கருசோ பத்துப் பாட்டுகளை நூறு பவுண்டுக்கு இசைத்தட்டில் பதிவு செய்தபோது, பாடகர் நேரில் வராமலே பிழைக்கும் வழியும் திறந்தது.

கச்சேரி மேடை சிலருக்கு விருப்பத் தேர்வு. மரியன் ஆண்டர்சனுக்கோ அது மட்டுமே கிடைத்த மேடை. ஐரோப்பா கொண்டாடிய அந்தக் கறுப்பினக் கான்ட்ரால்டோ பாடகிக்கு 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால் இடம் மறுத்தது. லிங்கன் நினைவகத்தின் படிகளில் சுமார் 75,000 பேர் முன் பாடினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அவரை மேடையேற்றியது 1955 ஜனவரியில். அப்போது வயது 57; குரலின் உச்சக்காலம் கடந்துவிட்டிருந்தது. அது ஒரு பெரும் அநீதி. அதே மாதம் கறுப்பினப் பாரிடோன் பாடகர் ராபர்ட் மெக்ஃபெரினும் அங்கே பாடினார். 1961இல் கறுப்பினப் பாடகி லியொன்டைன் பிரைஸ் வந்தார். 1966இல் அந்நிறுவனத்தின் புதிய அரங்கு திறந்த இரவில் பிரைஸ் பாடிய கிளியோபாத்ரா, இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் அவருடைய குரலுக்கென்றே எழுதிய பகுதி.