கடலூர்ச் சிப்பாய் – 9: முட்லூர் மேட்டில் ஹைதர்

1824 பர்மாப் போருக்குக் கப்பலேற நின்ற நம் சென்னைப் படைச் சிப்பாயை இந்த வாரம் ரங்கூனில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மாதம் ஏழு ரூபாய்ச் சம்பளத்துக்காகக் கடல் தாண்டத் துணிந்தவரின் வீட்டைப் பார்க்காமல் கரையை விட்டுக் கிளம்ப எனக்கு மனமில்லை.

வங்காளப் படைச் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வருவார். சென்னைப் படையில் வேறு வழக்கம். ரெஜிமென்ட் இடம் மாறினால் மனைவி, தாய், குழந்தைகள், ஆதரவற்ற அத்தை எல்லாரும் மூட்டை கட்டுவார்கள். ஒரு பட்டாளம் நகர்ந்தால் ஒரு சிறிய ஊரே நகர்ந்த மாதிரி. சிப்பாயின் மகனைச் சிறுவயதிலேயே குறைந்த சம்பளத்தில் பெயர் பதிந்துகொள்வதும் உண்டு. அப்பன் செத்தாலும் அடுப்பு எரிய வேண்டுமே! கிழக்கிந்தியக் கம்பெனி இதைக் கருணை என்றது. என் கணக்கில் அது நல்ல முதலீடு. 1806இல் வேலூரில் தொப்பி போன்ற புதுத் தலைப்பாகையை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களின் குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில்தான் இருந்தன. 'தொப்பி போட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்' என்ற பயம் அந்தத் திண்ணைகளில்தான் வளர்ந்திருக்கும்.

1824இல் கப்பலேறியவர்களின் அப்பன், தாத்தன் தலைமுறைக்குக் கடலூரும் சிதம்பரமும்தான் போர்க்களம். 1780இல் மைசூரின் ஹைதர் அலி, அன்று கர்நாடகம் எனப்பட்ட நம் தமிழ்ப் பகுதிக்குள் புகுந்தார். வயல்கள் எரிந்தன, ஊர்கள் காலியாயின, பஞ்சம் பின்னாலேயே வந்தது. அதனால் ஹைதரை முழு நாயகனாக்க என்னால் முடியாது. தீ வைத்தவர் அவர். அரிசியைக் காட்டி ஆள் சேர்த்தது கம்பெனி. நடுவில் மாட்டிக்கொண்டவன் பட்டாளத்தில் சேர்ந்தான்.

1781 பிப்ரவரியில் கடலூர் வந்த கம்பெனியின் ஜெனரல் அயர் கூட், மாடும் தானியமும் இல்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே முடங்கினார். ஜூனில் தெற்கே நகர்ந்து, 18ஆம் தேதி சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். அப்போது அது ஹைதரின் கோட்டை. கோபுரங்களும் உயர்ந்த மதில்களும் கம்பெனியின் சிப்பாய்களைத் தடுத்து நிறுத்தின. தோற்றுப் பின்வாங்கிய கூட், கப்பல் வழியாகச் சோறு வருமென்று பரங்கிப்பேட்டைக் கடலோரம் போனார். ஹைதர் விரைந்து வந்து முட்லூர்ப் பக்கம் கடலூர் வழியை மறித்தார்.

ஜூலை 1. கூட்டிடம் சுமார் 8,500 பேர். எதிரே அதைவிடப் பல மடங்கு. கூட் நேரே மோதவில்லை, கடலோர மணல்மேடுகளின் மறைவில் பக்கவாட்டாக நகர்ந்து சுற்றி வந்தார். ஹைதர் ஒரு மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் கை நழுவியதும், எழுந்து போகச் சொன்னவர்களை வைதாராம். கடைசியில் பழைய குதிரைக்காரர் ஒருவர் அவர் கால்களை இழுத்துச் செருப்பை மாட்டி, நாளைக்கு அடித்துக்கொள்ளலாம், இப்போது குதிரையேறுங்கள் என்று சொல்லிக் கிளப்பிவிட்டதாக, மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் சொல்கிறார். தலைவரிடம் அப்படிப் பேச ஒரு வேலைக்காரரால் முடிந்தது. கம்பெனிப் பட்டாளத்தில் யார் ஜெனரலின் காலைத் தொட்டு இழுத்திருப்பார்?

ஆனால் அதே வில்க்ஸ் இன்னொன்றும் சொல்கிறார். கூட் செத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும், சென்னையில் மாட்டியிருந்த அவர் படத்துக்கு முன்னால் பழைய சிப்பாய்கள் சலாம் போட்டார்களாம். சிதம்பரம் மதிலில் தங்களைச் சாகவிட்டவருக்கா? எனக்கு இது ஜீரணமாகவில்லை. இரண்டு வாரத்தில் பரங்கிப்பேட்டையில் அதற்கு ஈடு கட்டியவர் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அப்பன் சலாம் போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 'கூட் பகதூர்' வழிவந்த துரைகள் கூப்பிட்டால் கடலும் தாண்டுவான்தானே.

பக்கம் முடிகிறது, ரங்கூனின் முழுக் கதை கொஞ்சம் காத்திருக்கட்டும். 1824 மே 11இல் அங்கே இறங்கியவர்கள் கண்டது ஆளில்லாத ஊர்: மாடில்லை, படகில்லை, அரிசி கொடுக்க ஆளில்லை. அடுத்து வந்தது மழை, அப்புறம் காய்ச்சல். குண்டடியில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். அதே ஆண்டு நவம்பரில் வங்காளத்துச் சிப்பாய்கள் பாரக்பூரில் பர்மாப் போருக்குப் போக மறுத்துச் சுடப்பட்டார்கள். நம்மவர்கள் மறுக்கவில்லை. ஏன் என்பதற்கு, கடல் கடந்தவரின் சம்பளத்தில் ஒரு பங்கை ஊரில் குடும்பத்துக்குக் கொடுத்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)