நாகரிகத்திற்கு ஒரு முகம்: ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் தலைவர் தேர்வின் வரலாறு (1991–2025)

ஒரு நாகரிகத்தின் பல நூற்றாண்டு வாழ்வை ஒரே மனிதரின் பெயரிலும் முகத்திலும் அடக்கிக் காட்டும் வழக்கத்தைக் கணினி வியூக விளையாட்டுகளில் நிலைபெறச் செய்தது, சிட் மெயர் வடிவமைத்து 1991இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட ‘சிவிலைசேஷன்’ ஆகும். ஆடுபவர் ஒரு நாகரிகத்தைத் தேர்ந்துகொண்டு, கி.மு. 4000இல் முதல் ஊரை நிறுவுவதில் தொடங்கி விண்கலம் ஏவும் காலம்வரை அதை வழிநடத்துவார். ஏனைய நாகரிகங்களைக் கணினி இயக்கும். அவற்றோடு போரோ உடன்படிக்கையோ பேச நேரும்போது திரையில் தோன்றிப் பேசும் வரலாற்று மனிதரே ‘தலைவர்’ எனப்படுகிறார். இத்தலைவர்களைத் தேர்ந்தெடுத்த முறை முப்பது ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. எனினும், தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா எழுந்ததே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம்.

முதல் பதிப்பில் பதினான்கு நாகரிகங்கள் இருந்தன. அமெரிக்கர்களுக்கு லிங்கன், மங்கோலியர்களுக்குச் செங்கிஸ்கான், சூலுக்களுக்குச் சாகா, ரஷ்யர்களுக்கு ஸ்டாலின், சீனர்களுக்கு மாவோ, இந்தியர்களுக்குக் காந்தி என்று அமைந்த அப்பட்டியலை நோக்கினால், ஆட்சித் திறனோ அறநிலையோ அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை என்பதும், மேலைநாட்டு ஆட்டக்காரர் கேட்ட மாத்திரத்தில் அறியும் பெயர் என்பதே போதுமான தகுதியாக இருந்தது என்பதும் விளங்கும். எந்த அரசுப் பதவியும் வகிக்காத காந்தியடிகள் படை திரட்டி நகரங்களைக் கைப்பற்றும் ஆட்டத்தில் இந்தியாவின் அரசுத் தலைவரானது இவ்வாறுதான். அவர் நிரல்பிழை ஒன்றினால் அணுகுண்டு வீசுபவராக மாறினார் என்ற கதை பின்னர் உலகெங்கும் பரவியது. அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று 2020இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் மெயர் மறுத்துள்ளார். ஆயினும் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் காந்தியின் அணுகுண்டு நாட்டம் வேண்டுமென்றே உச்ச அளவில் வைக்கப்பட்டது. அகிம்சையை வாழ்நாள் நெறியாகக் கொண்ட ஒருவரை நகைப்புப் பொருளாக்கிய இச்செயல், தெரிந்த பெயரைத் தேடும் முறை அப்பெயருக்குரியவரின் வாழ்வைப் பொருட்படுத்துவதில்லை என்பதற்குத் தெளிவான சான்றாகும்.

1996இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு நாகரிகத்திற்கும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தலைவர்களாக வைத்தது. இந்தியாவுக்கு இந்திரா காந்தி கிடைத்தார். ஆனால் ஜப்பானுக்குச் சூரியக் கடவுளான அமதெராசுவும், சூலுக்களுக்குச் சாகாவின் பெயரைத் திரித்துப் புனைந்த ‘சாகலா’வும் வைக்கப்பட்டனர். நோக்கம் பாராட்டத்தக்கது, அதற்கேற்ற தேடல் நிகழவில்லை. நான்காம் பதிப்பு (2005) ஒரே நாகரிகத்திற்கு இரு தலைவர்கள் இருக்கலாம் என்ற நெகிழ்வைக் கொண்டுவந்ததால் காந்தியோடு அசோகரும், மாவோவோடு சின் சி ஹுவாங்கும் இடம்பெற்றனர். அடுத்த பதிப்புகளில் மாவோவும் ஸ்டாலினும் விலக்கப்பட்டனர்.

ஐந்தாம் பதிப்பில் (2010) தலைவர்கள் முழுத்திரை உருவங்களாகத் தோன்றித் தத்தம் மொழிகளிலேயே பேசினர். அகஸ்டஸ் சீசர் இலத்தீனிலும் மான்டெசூமா நவாட்டிலிலும் பேசினர். மொழி வந்ததும் அம்மொழிக்குரிய மக்களை நாடவேண்டிய தேவையும் உடன் வந்தது. 1680இல் ஸ்பானியர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் நியூ மெக்சிகோவுக்குத் திரும்ப இயலாதபடி செய்த புயெப்லோ மக்களின் தலைவர் போப்பே என்பவரை, 2013ஆம் ஆண்டு இணைப்புப் பதிப்பில் சேர்க்க, இவ்விளையாட்டை அப்போது உருவாக்கிவந்த ஃபிராக்சிஸ் நிறுவனம் எண்ணியது. ஆனால் போப்பேயின் உருவும் சொற்களும் விளையாட்டில் இடம்பெறுவதைப் புயெப்லோ ஆளுநர் மன்றம் ஏற்கவில்லை. நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டு, சோசோனி மக்களையும் அவர்களுடைய தலைவர் போகட்டெல்லோவையும் சேர்த்தது. தலைவர் தேர்வில், அத்தலைவரின் மக்கள் சொன்ன மறுப்பு செல்லுபடியானதற்கு இதுவே குறிப்பிடத்தக்க நிகழ்வு.

அந்தப் படிப்பினை நிலைக்கவில்லை. ஆறாம் பதிப்பின் 2018ஆம் ஆண்டு இணைப்பில் கனடாவின் கிரீ மக்களுக்குத் தலைவராகப் பவுண்ட்மேக்கர் அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரைத் தாங்கிய கிரீ சமூகத்தின் தலைவர்களுள் ஒருவர் வெளிப்படையாக எதிர்த்தார். நிலத்தை வென்று பிறரை அடக்குவது காலனியவாதிகளின் நோக்கம் என்றும், அதைத் தம் முன்னோர் மீது விளையாட்டு ஏற்றிக் காட்டுகிறது என்றும் அவர் வாதிட்டார். பவுண்ட்மேக்கரின் வாழ்வு இவ்வாதத்திற்கு வலுச் சேர்க்கிறது. 1885இல் கட் நைஃப் என்னுமிடத்தில் தம்மைத் தாக்கிய கனடியப் படை பின்வாங்கியபோது, அதைத் துரத்திச் செல்லாமல் தம் வீரர்களைத் தடுத்தவர் அவர். அவரையே அரசு தேசத்துரோகக் குற்றத்திற்காகச் சிறையிலிட்டது. விடுதலையான சில மாதங்களில், 1886இல் அவர் இறந்தார். 2019 மே மாதத்தில்தான் கனடிய அரசு அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. விளையாட்டு அவருக்குக் கூட்டணியும் வணிகமும் சார்ந்த திறன்களைத் தந்தது உண்மையே. ஆனால் நிலப்பரப்பைப் பெருக்குவதை வளர்ச்சியாகக் கொள்ளும் அடிப்படை விதிகளை அத்திறன்கள் மாற்றவில்லை.

2025 பிப்ரவரியில் வெளியான ஏழாம் பதிப்பு, தலைவரையும் நாகரிகத்தையும் தனித்தனியே பிரித்துவிட்டது. எந்தத் தலைவரும் எந்த நாகரிகத்தையும் நடத்தலாம். கன்பூசியஸ், இபின் பதூதா, ஹாரியட் டப்மன் போன்று நாடாளாதவர்களும் தலைவர்களாயினர். சோழர்கள் ஒரு தனி நாகரிகமாக இத்தொடரில் நுழைந்ததும் இப்பதிப்பில்தான். சேர மன்னர் ஸ்தாணு ரவியின் காலத்துக் கொல்லம் செப்பேடுகளில் காணப்படும் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் பெயர்கள் சோழர்க்குரிய கட்டடங்களுக்குச் சூட்டப்பட்டிருப்பது, வடிவமைப்பாளர்கள் சான்றுகளைத் தேடிப் படித்திருப்பதைக் காட்டுகிறது. எனினும் விளையாட்டு வெளியான வேளையில் இராசராசனோ இராசேந்திரனோ தலைவர் வரிசையில் இல்லை, அசோகர் இருந்தார். அசோகரைக் கொண்டு சோழநாட்டை ஆளவும் இயலும். அசோகருடைய இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டுகளோ, சோழரையும் பாண்டியரையும் அவரது எல்லைக்கு அப்பாற்பட்ட நாட்டினராகவே குறிப்பிடுகின்றன. அங்குக் குறிக்கப்படுவோர் முற்காலச் சோழர், விளையாட்டில் வருவோர் பிற்காலச் சோழர் என்ற வேறுபாடு உண்டு. இருவரும் மௌரியர் ஆட்சிக்கு உட்படாதவர்கள் என்பதில் வேறுபாடில்லை.

தலைவருக்கும் நாகரிகத்திற்கும் இடையிலான பிணைப்பை அறுத்ததால் ஒரு மனிதர் ஒரு மக்களுக்குப் பகராளாக நிற்கும் சுமை குறைந்துள்ளது என்றாலும், அம்மக்களைக் கேட்டறியும் கடமையை அது நீக்கிவிடவில்லை. 2013இல் புயெப்லோ மன்றத்தின் மறுப்புக்குக் கிடைத்த மதிப்பு, ஒருமுறை காட்டிய கண்ணியமாக நின்றுவிடாமல், ஒவ்வொரு தலைவரையும் அறிவிப்பதற்கு முன் கட்டாயமாகக் கடைப்பிடிக்கும் நடைமுறையாக வேண்டும்.