நூல் மாறிய வலை

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கிவிட்டால் காசிமேட்டில் வேலை இருக்காது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 2001-ல் இந்தத் தடை வந்தபோது 45 நாள். 2017-லிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. விசைப்படகுகள் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு துறைமுகத்துக்குள் நிற்கும். ஆனால் கரையில் நிழல் விழுகிற இடத்திலெல்லாம் ஆள் இருப்பார்கள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கையில் ஊசியோடு. வருஷம் முழுக்கக் கிழிந்ததை அந்த இரண்டு மாதத்தில் தைத்தாக வேண்டும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் ஒரு நூல்கண்டு கிடந்தது. அதில் 210/2/3 என்று ஒட்டியிருந்தது. அது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"நூலு நம்பருபா. கடசி நம்பரு ஏற ஏற நூலு தடிப்பா பூடும். எங்க நைனா காலத்துல இத்த தலைகீழா சொல்லுவாங்க. இருவதாம் நம்பரு, நாப்பதாம் நம்பருன்னு. நம்பரு ஏறுனா நூலு மெல்லிசு."

அவர் சும்மா சொன்ன அந்தத் தலைகீழ் கணக்குக்குள் இந்தக் கடற்கரையின் அறுபது, எழுபது வருஷக் கதை இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பருத்தி நூலின் நம்பர் பிரிட்டிஷ் ஆலைக் கணக்கு. ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை வரும் என்று பார்ப்பார்கள். இருபது சிட்டம் வந்தால் இருபதாம் நம்பர். அதாவது ஒரு பவுண்டில் 16,800 கஜம். நூல் மெலிய மெலிய நீளம் கூடும், நம்பரும் கூடும். பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் ஓடிய காலத்தில் வடசென்னையில் பாதி வீட்டுக்கு இந்தப் பாஷை தெரிந்திருக்கும். நைலானுக்கு வேறு கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அத்தனை டெனியர். 210 என்பது ஓர் இழையின் டெனியர். அதில் இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரு புரி, அப்படி மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினால் 210/2/3. ஆக மொத்தம் ஆறு இழை. பருத்தி நம்பரை டெனியராக மாற்ற 5,315-ஐ அந்த நம்பரால் வகுக்க வேண்டும். இருபதாம் நம்பர் பருத்தி கிட்டத்தட்ட 266 டெனியர். 210 டெனியர் என்றால் ஏறக்குறைய இருபத்தைந்தாம் நம்பர். கணக்கு சுலபம். ஆனால் நூல் மாறும்போது மாறுவது நம்பர் மட்டுமா?

ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். (ராயபுரத்தில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள்.) குறிப்பில் கம்பளி என்று போட்டிருக்க, கையில் இருப்பது பருத்தி நூல் என்றால் அதே எண்ணிக்கையில் பின்னக் கூடாது. முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பின்னி, அளந்து, துவைத்து, மறுபடி அளந்து பார்ப்பார்கள். பருத்தி கம்பளி மாதிரி சுருங்கி விரியாது, கனத்தில் கீழே தொங்கும். வலைக்கும் இதே சட்டம்தான். எத்தனை கண்ணி அகலம், எத்தனை கண்ணி ஆழம், கண்ணிக்குள் எத்தனை விரல் நுழைய வேண்டும் என்பதெல்லாம் ஒரு குறிப்பிட்ட நூலை நம்பிப் போட்ட கணக்கு. ஸ்வெட்டருக்குத் துண்டு பின்னிப் பார்க்கலாம். வலையைக் கடலில் போட்டால்தான் தெரியும்.

பருத்திக்கு முன்னும் நூல்கள் இருந்தன. சணப்பு நாரை முறுக்கிக் கட்டிய வலைகள் இருந்தன. கரைவலையில் ஒரே வலைக்குள்ளேயே நூல் மாறும். கரையிலிருந்து இழுக்கிற நீண்ட கைகள் தென்னை நார்க் கயிறு, பெரிய பெரிய கண்ணி. மீன் வந்து சேர்கிற நடுப்பை நெருக்கமான மெல்லிய நூல். எங்கே பலம் வேண்டும், எங்கே மென்மை வேண்டும் என்று பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இது. 1905-ல் பிரடெரிக் நிக்கல்சன் மதராஸ் மாகாணத்தில் மீன்வளப் பணியைத் தொடங்கிவைத்தார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் சோழமண்டலக் கரையின் படகுகளையும் வலைகளையும் பொறுமையாக எழுதிவைத்தார். வெள்ளைக்கார அதிகாரி எழுதியதால்தான் இவ்வளவாவது காகிதத்தில் இருக்கிறது. வலை கட்டியவர்கள் யாரும் எழுதவில்லை, அவர்கள் கையில் ஊசி இருந்தது.

பருத்தி வலையின் பெரிய எதிரி சுறா இல்லை, ஈரம். பருத்தி நனைந்தால் வலு கூடும், உண்மை. ஆனால் நனைந்தபடியே கிடந்தால் கிருமி அரித்து மக்கிவிடும். அதனால் இரண்டு வேலை ஓயாமல் நடந்தது. ஒன்று, துவர்ப்பு ஏற்றுவது. மரப்பட்டை, புளியங்கொட்டைத் தோல், காசுக்கட்டி என்று கிடைத்ததைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றில் வலையை முக்கி எடுப்பார்கள். ஒருமுறை முக்கினால் போதாது, கடல் தண்ணீரில் கரையக் கரைய மறுபடியும். இரண்டாவது, காயவைப்பது. கரைக்கு வந்ததும் வலையைக் கழுவி விரித்து வெயிலில் போட்டாக வேண்டும். நூறடி வலைக்கு நூறடி மணல் தேவை.

ராயபுரத்தின் சங்கடம் இங்கேதான். 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்துவந்த மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வருவது நின்றதும் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரைக்கும் மணல் போய்க் கருங்கல் வந்தது. இன்று எண்ணூர் சாலையில் போனால் ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் பாறை, அதற்கப்புறம் அலை. பாறைமேல் பருத்தி வலையை விரித்தால் கண்ணிக்குக் கண்ணி மாட்டிக் கிழியும். மெரினா பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள் கால் வைக்கிற மணலில், இந்தப் பக்கத்துக் குப்பங்களுக்கு வராமல்போன மணலும் இருக்கிறது. இது என் பொருமல் மட்டும் இல்லை. துறைமுகப் பொறியியல் வகுப்புகளிலேயே சென்னை ஓர் உதாரணம்.

காயவைக்க மணல் கேட்காத ஒரு நூல் வந்தால் இந்தக் கரை அதை எப்படி வேண்டாம் என்று சொல்லும்?

அந்த நூல் பிறந்தது மீனுக்காக இல்லை. 1935-ல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். இரண்டு வருஷத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார். தான் செய்தது கடைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை. 1940-ல் பெண்களின் காலுறையாக விற்பனைக்கு வந்தது, யுத்தத்தில் பாராசூட் ஆனது, யுத்தம் முடிந்ததும் வலைக்குப் போனது. இந்தியாவில் 1952-ல் நார்வேயுடன் ஒப்பந்தம் போட்டுக் கொல்லம் பக்கம் நீண்டகரையில் தொடங்கிய திட்டம், எந்திரப் படகோடு நைலான் வலையையும் கொண்டுவந்தது. 1957-ல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் வந்தது. எந்த நூலில் கட்டிய வலையில் எவ்வளவு மீன் விழுகிறது என்று அங்கே பருத்தியையும் நைலானையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார்கள். நைலான் பல மடங்கு பிடித்தது. காரணம் வலு மட்டும் இல்லை. வலு கூடுதல் என்பதால் நூலை மெலிதாக எடுக்கலாம். மெலிந்தால் மீன் கண்ணுக்குத் தெரியாது, செவுளில் பட்டால் உறுத்தாது, திமிறினால் நீண்டுகொடுக்கும். 1960களில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக மானிய விலையில் நைலான் நூல் குப்பங்களுக்கு வந்தது.

நூல் வந்தது, பழைய கணக்கு அதோடு சேரவில்லை. பருத்தி தண்ணீரில் சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிய கண்ணியாகப் பின்னிப் பழகிய கை. நைலான் அப்படிச் சுருங்காது. அதே அளவில் பின்னினால் மீன் தப்பிக்கும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தானே இறங்கும். நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அதனால் கீழ்க்கயிற்றில் ஈயம் கூட்ட வேண்டும். வெயில் விஷயம் முழுக்கவே தலைகீழ். பருத்திக்கு மருந்தாக இருந்த வெயில் நைலானுக்கு விஷம். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நூல் இற்றுவிடும். காசிமேட்டில் சும்மா கிடக்கிற வலைமேல் தார்ப்பாயும் பழைய சேலையும் போர்த்தியிருப்பதைப் பார்த்து மழைக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வம்பு முடிச்சில். சொரசொரப்பான பருத்தியில் ஓர் ஒற்றை முடிச்சு போட்டால் அது நூலைக் கவ்வி நிற்கும், நனைந்தால் இன்னும் இறுகும். நைலான் வழவழப்பு. அதே முடிச்சு நழுவும். ஒரு கண்ணி பெரிசாகும், பக்கத்துக் கண்ணி சிறுக்கும். வழி இரண்டுதான். இரட்டை முடிச்சு போடலாம், நேரமும் நூலும் கூடுதலாகப் போகும். இல்லையென்றால் பின்னிய வலையை இழுத்துப் பிடித்துச் சூடேற்றி முடிச்சை இறுக வைக்கலாம். அதை வீட்டுத் திண்ணையில் செய்ய முடியாது, ஆலையில்தான் முடியும்.

வலை பின்னும் எந்திரம் புதுசு இல்லை. 1820 வாக்கிலேயே ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பாட்டர்சன் என்ற பழைய ராணுவக்காரர் அதற்குத் தறி செய்துவிட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்குமேல் நம் கரையில் வலை கையால்தான் பின்னப்பட்டது. எந்திரம் இருந்தும் கை நிலைத்தது, நூல் மாறியதும் கை தோற்றது என்பதுதான் என் வாசிப்பு. கன்னியாகுமரிக் கரையில் இது பெண்களின் தலையில் விழுந்தது. அங்கே வலை பின்னுவது பெண்களின் வருமானம். பக்கத்து வீட்டோடு பேசிக்கொண்டே, குழந்தையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. எந்திர வலை வந்தபோது அவர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தும் பார்த்தார்கள். இன்று நாகர்கோவில் சுற்றுவட்டாரம் மீன்வலை ஆலைகளுக்குப் பெயர்போனது. வடசென்னையில் பெண்களின் கை பெரும்பாலும் மீன் கூடையில் இருந்தது, வலை ஆண்கள் வேலை. அதனால் இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் மாறியது. முன்பு நூலை மட்டும் காசு கொடுத்து வாங்கினார்கள், மிச்சமெல்லாம் சொந்த உழைப்பு. இப்போது வலையையே கிலோ கணக்கில் வாங்க வேண்டும். கையில் காசு இல்லாதவர் கடன் வாங்குவார், கடன் கொடுத்தவருக்கே மீனைப் போடுவார்.

விசைப்படகின் இழுவலை இன்னொரு நூல். பாலிஎத்திலீன். பச்சையும் நீலமுமாகத் துறைமுகத்தில் மலைபோல் குவிந்திருப்பது அதுதான். விலை மலிவு, தரையில் உரசினாலும் தாங்கும், தண்ணீரைவிட லேசு என்பதால் மிதந்து வலையின் வாய் திறந்திருக்க உதவும். அந்த வலையோடு கரைக்குக் கிட்டே வந்த படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் நடந்த சண்டையில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து கரையோரத்தைச் சின்னப் படகுகளுக்கு ஒதுக்கியது அந்தச் சண்டைகளுக்குப் பிறகுதான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கடைசியாக வந்தது தங்கூஸ். புரியும் இல்லை, முறுக்கும் இல்லை. கண்ணாடி நரம்பு மாதிரி ஒற்றை இழை. தண்ணீரில் போட்டால் நமக்கே தெரியாது. அவ்வளவு மலிவு என்பதால் கிழிந்தால் தைப்பது கட்டுப்படியாகாது. மேல்கயிறு, மிதப்பு, ஈயம் எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வலையில் கட்டிக்கொள்வார்கள். பருத்தி வலை கடலில் அறுந்து போனால் சில மாதத்தில் மக்கிப்போகும். நைலானும் தங்கூஸும் மக்காது. ஆளில்லாமல் மிதந்துகொண்டே, பாறையில் மாட்டிக்கொண்டே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்த மீனை எடுக்க யாரும் வரமாட்டார்கள். ஆமையும் மாட்டும்.

"அப்ப பருத்தியே நல்லதுன்றீங்களா?" என்று பெரியவரிடம் கேட்டேன். ஆமாம் என்பார், கட்டுரைக்கு ஒரு முடிவு கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஆசை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நனஞ்ச பருத்தி வலைய தூக்கிக்கிறியா? கட்டுமரத்துல மூணு பேரு சேந்து இழுத்தாலும் இடுப்பு பூடும். ராத்திரி வந்து படுக்க முடியாது, வலைய அலசணும். பொழுது விடிஞ்சா விரிக்கணும். மழ காலத்துல எங்க விரிப்ப? எங்க நைனா கை எப்பவுமே கருப்பா இருக்கும், அந்தப் பட்டத் தண்ணி கற. பருத்தியாம் பருத்தி."

கொஞ்ச நேரம் தைத்தார். பிறகு அவரே சொன்னார். "ஆனா ஒண்ணுபா. அப்ப வலைய எங்கூட்லயே கட்டுவோம். எந்த கண்ணி எவன் போட்டதுன்னு முடிச்ச பாத்தே சொல்லிடுவோம். சுனாமிக்கு அப்பால தானமா வலை குட்த்தாங்க, புச்சு வலை. எங்க கடலுக்கு அந்த கண்ணி ஆவாது. யார் கிட்ட போயி கேக்கறது? கட்டுனவன் யாருன்னே தெரியாதே."

கிழிசலின் கடைசிக் கண்ணி முடிந்தது. இரட்டை முடிச்சைப் போட்டுப் பல்லால் கடித்து இழுத்தார், கத்தியால் நூலை அறுத்தார். நைலான் நுனியை அப்படியே விட்டால் புரி பிரிந்துவிடும். வாயிலிருந்த பீடியை எடுத்து நுனியில் ஒரு நொடி வைத்தார். அது உருகிக் கறுத்துக் கடுகளவு உருண்டையாகி நின்றது. "நைனா எச்சி தொட்டு முறுக்குவாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழிசலைத் தேடி வலையை இழுத்தார்.