உள்ளங்கால் மச்சமும் மருத்துவர் குழுவும்

உள்ளங்காலில் மச்சம் உடையவனுக்கு ஊர் சுற்றும் யோகம் உண்டு என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அது மெய்யானால், புனே நகரின் மேற்கே ஹிஞ்சேவாடியில் கணினித் தொழிலை நாடிக் குடியேறியிருக்கும் தமிழர் அனைவருக்கும் உள்ளங்காலில் ஒரு மச்சமேனும் இருந்தாக வேண்டும்! சாஸ்திரம் கிடக்கட்டும். அத்தகைய கரும்புள்ளிகளுள் மிகச் சிலவற்றை மருத்துவர்கள் வேறொரு கண்கொண்டு நோக்குகின்றனர். அவர்கள் அஞ்சுவது மெலனோமா என்னும் தோற்புற்றுநோயை.

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றுவது இந்நோய். வெண்ணிற மேனியரிடையே கடும் வெயிலால் பெருகுவது, நம்மவரிடையே அரியது. ஆகவே கறுத்த மேனிக்கு இது வாராது என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் இந்தியருக்கு வருங்கால் வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும், வாய், மூக்கு ஆகியவற்றின் உட்சவ்விலும் வருவதே மிகுதி. உள்ளங்காலில் கறுத்துத் தடித்ததைக் கால் ஆணி என்று எண்ணி, பிளேடால் சீவிக்கொண்டே மாதங்களைக் கழிப்பவர் உண்டு. அந்த மாதங்களில் நோய் அடித்தோலைக் கடந்து நிணநீர் முடிச்சுகளை எட்டிவிடுகிறது.

இந்நோயின் வரலாறு நெடியது. 1787-ஆம் ஆண்டில் லண்டன் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், 35 வயதுடைய ஒருவரின் தாடைக்குப் பின்புறம் வளர்ந்திருந்த கட்டியை அறுத்தெடுத்தார். முன்பே ஒருமுறை அகற்றப்பட்டு மீண்டும் முளைத்த கட்டி அது. அது இன்னதென்று அவருக்கு விளங்கவில்லை. எனினும் எறிந்துவிடாமல் அதனைப் பத்திரப்படுத்தி வைத்தார். ஏறத்தாழ 180 ஆண்டுகள் கடந்து, 1968-இல், நுண்பெருக்காடியில் வைத்து ஆராய்ந்தபோதுதான் அது மெலனோமா என்று உறுதியாயிற்று. கத்தி பிடித்தவர் ஒருவர்; நோயின் பெயரைச் சொன்னவர்கள் அவருடைய பேரர்க்குப் பேரர் காலத்தவர்!

இடையில் பலர் வந்தனர். பின்னாளில் ஸ்டெதாஸ்கோப் கண்ட பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், இது தனியொரு நோய் என்று 1804-இல் பாரிஸில் எடுத்துரைத்து, கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் அமைத்தார். 1820-இல் இங்கிலாந்தின் ஸ்டூர்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பொது மருத்துவம் பார்த்துவந்த வில்லியம் நாரிஸ், தம் நோயாளி ஒருவரின் தந்தையும் இதே போன்ற நோயால் மாண்டதை அறிந்து, இது குடும்பவழி வரக்கூடும் என்று எழுதினார். பெரிய நகரத்துப் பேராசிரியர்களின் கண்ணுக்குத் தப்பியது, ஒரு குடும்பத்தைத் தலைமுறைதோறும் அறிந்த சிற்றூர் மருத்துவரின் கண்ணில் பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

1907-இல் ஹேண்ட்லி என்ற ஆங்கில மருத்துவர், இந்நோயால் இறந்த ஒரே ஒருவரின் உடலை ஆராய்ந்து, கட்டியைச் சுற்றி அகலமாக வெட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரே உடலைக் கொண்டு வகுத்த விதி, பல பத்தாண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது. கட்டி சிறிதோ பெரிதோ, சுற்றியுள்ள தோலைப் பெருமளவு இழந்தவர் எண்ணிறந்தோர். உள்ளங்காலில் அவ்வளவு தோலை எடுத்தால் நடையே தடுமாறும் அல்லவா?

இதை மாற்றியது புதிய கத்தியன்று, ஓர் அளவுகோல்! 1970-இல் அமெரிக்காவின் அலெக்சாந்தர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் நிபுணர், நோய் தோலுள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதை நுண்பெருக்காடியில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, நோயாளியின் எதிர்காலம் பெரிதும் அந்த அளவைப் பொறுத்தது என்று காட்டினார். 1988-இல் இத்தாலியின் வெரோனேசி தலைமையிலான குழுவினர், 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத நோய்க்குச் சுற்றிலும் 3 சென்டிமீட்டர் வெட்டுவதும் 1 சென்டிமீட்டர் வெட்டுவதும் உயிர் காப்பதில் ஒத்த பயனே தருவதைக் கண்டனர். அறுப்பவர், அளப்பவரின் சொல்லுக்குக் காத்திருக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. மருத்துவர் குழு என்று இன்று நாம் கூறுவதன் உயிர்நாடி இக்காத்திருப்பே என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல அடித்தளம் இடப்பட்டிருந்தது. 1941 பிப்ரவரி 28-ஆம் நாள் பம்பாயின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டபோது, நோய்க்குறியியலின் பொறுப்பை ஏற்றவர் கானோல்கர். இறுக்கிக் கட்டிய வேட்டி இடுப்பில் உராயும் இடத்தில் தோன்றும் தோற்புற்றைப் பற்றி 1945-இல் எழுதியவர்களுள் அவர் ஒருவர். மேனாட்டு நூல்களில் இல்லாததை நம் மக்களின் உடையிலும் பழக்கத்திலும் தேடிய கண் அவருடையது. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரிலிருந்து எழுப்பிய அடையாறு நிலையம் 1954-இல் பணி தொடங்கியது.

இன்று ஒருவருக்கு ஐயம் எழுந்தால், தோல் மருத்துவர் கருவிகொண்டு நோக்கிச் சிறு துணுக்கை எடுத்தனுப்புகிறார். நோய்க்குறியியல் நிபுணர் ஆழம் அளக்கிறார். அறுவை மருத்துவர் கட்டியை நீக்குகிறார். தேவையானால், 1992-இல் மார்ட்டன் வெளியிட்ட முறைப்படி, நீலச் சாயம் முதலில் சென்று சேரும் நிணநீர் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார். நோய் பரவியிருப்பின், 2011 முதல் வழக்கிற்கு வந்த, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளைப் பற்றி மருந்தியல் புற்றுநோய் நிபுணர் முடிவு செய்கிறார். இவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே நோயாளியின் படங்களையும் அறிக்கையையும் பார்த்துப் பேசுகின்றனர்.

ஹிஞ்சேவாடியில் இருப்பவர் பரேலுக்குச் செல்வதாயினும், சொந்த ஊர்ப் பக்கமாக அடையாறுக்குச் செல்வதாயினும், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. முதல் சோதனையில் எடுத்த துணுக்கை மெழுகில் பதித்த கட்டியும், கண்ணாடித் தகடுகளும் அந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கும், கேட்டால் தருவார்கள். புதிய இடத்து நிபுணர் அவற்றைத் தம் கண்ணால் மறுபடியும் பார்த்த பின்னரே கத்தி எடுக்கப்படும்.