கல்லெழுத்தும் கணினியெழுத்தும்

வேங்கடமலை தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் வரையறுத்துள்ளது. அம்மலையின் அடிவாரத்திலுள்ள திருப்பதியிலும், சித்தூரிலும் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறியோர் நாம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலமும் இந்தியும் என்பது நம்மனோர் நிலை. நம் பிள்ளைகளுள் பலர் தமிழைப் பேசுவர்; கைப்பேசியில் அதனை ஆங்கில எழுத்தில் எழுதுவர்; தமிழெழுத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால் திகைப்பர். இந்நிலையில், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்துள்ளது. இது நன்றோ தீதோ என வினவுமுன், இம்மண்ணில் எழுத்து நடந்து வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

திருமலைக் கோயிற் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றை ஆராய்ந்து பதிப்பித்ததில் சாது சுப்பிரமணிய சாஸ்திரியாரின் உழைப்பு பெரிது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாமவை எனப்பட்ட காடவன் பெருந்தேவி வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்த செய்தியும் தமிழிலேயே உள்ளது. கிருஷ்ணதேவராயர் 1513இல் அளித்த கொடைகளோ தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. மொழிகள் இங்கே பகைத்து நிற்கவில்லை. அண்டை வீட்டாரைப்போல் அடுத்தடுத்து நின்றன.

அக்கல்வெட்டுகள் கூறும் செய்தி மிக எளியது. இன்னார் கருவூலத்தில் இத்தனை பணம் செலுத்தினார். அதனைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுதல் வேண்டும். பெருகும் விளைச்சலிலிருந்து இத்தனை அரிசியும் நெய்யும் பயறும் கொண்டு அமுது படைத்தல் வேண்டும். அதில் கொடையாளிக்குரிய பங்கு ‘விட்டவன் விழுக்காடு’. இவ்வாறு எழுதி, விசயநகரக் காலக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், கோயிற் கணக்கரான திருநின்றவூருடையான் எழுத்து எனக் கையொப்பமும் காணப்படும். எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு, அரசர் பெயரினும் அக்கணக்கர் பெயரே நெஞ்சைத் தொடுகிறது. பிழை நேர்ந்தால் அழைத்துக் கேட்பதற்கு அங்கே ஓர் ஆள் உண்டல்லவா?

படியெடுத்தலிலும் இந்நேர்மை இருந்தது. குடந்தைக்கு அருகிலுள்ள திருக்கோடிகாவல் கோயிலைச் செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்தவற்றைப் புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவை பழங்கல்லைப் பார்த்து எடுத்த படி என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. மூலம் எது, படி எது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

பின்னர் அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கித் தம் பெயரால் பொறுப்பேற்றார். 1991இல் தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றது. கருவிகள் மாறின, எழுதியவர் யார் என்னும் கேள்விக்கு விடை மட்டும் மாறாதிருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபின் அவ்விடையே மங்கத் தொடங்கியது. இத்தகைய செயலிகள், படித்த கோடிக்கணக்கான பக்கங்களின் பழக்கத்தால், அடுத்து வரத்தக்க சொற்றுண்டு எது எனக் கணித்துக் கணித்து வாக்கியம் கோக்கின்றன. ஆங்கிலத்தை நோக்க அவை படித்த தமிழ் மிகக் குறைவு. நடை ஒழுங்காக இருப்பதனாலேயே செய்தியும் உண்மையாகிவிடாது.

இதனை நாம் நேரிற் கண்டோம். ஒரு பொங்கல் விழாக் கட்டுரைப் போட்டிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வேங்கடமலையைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தான். அழகிய நடை. அதில் ஒரு சோழன் பொன்னளித்த கல்வெட்டு, ஆண்டோடும் எடையோடும் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு மாலைப் பொழுது தொகுதிகளைப் புரட்டினோம்; அப்படியொரு கல்வெட்டு அவற்றில் இல்லை. அவனை அழைத்துக் கேட்டோம். “ஃபோன் எழுதினது, மாமா. எனக்குத் தமிழ் படிக்க வராது” என்று தலைகுனிந்தான். குற்றம் அவனுடையதா? அவனுக்கு எழுத்தறிவிக்காத நம்முடையதன்றோ?

“உனக்கு இந்த மலையைப் பற்றி என்ன தெரியும்?” என வினவினோம். தன் பாட்டி முழங்கால் வலியோடு அலிபிரிப் படிகளில் ஏறியதையும், படிதோறும் மஞ்சள் குங்குமம் இட்டதையும் பேச்சுத்தமிழில் அழகாகச் சொன்னான். அதனை எந்த இயந்திரமும் அறியாது. ஞாயிறுதோறும் வரச் சொன்னோம். மூன்று திங்களில் பதினொரு வரி எழுதினான். ரகர றகரங்கள் தடுமாறின. அவற்றைத் திருத்த அதே கைப்பேசியை நாடினான். அதனை நாம் தடுக்கவில்லை. கருவி கணக்கரின் எழுத்தாணியாக இருக்கட்டும். கணக்கராகவே ஆகிவிட வேண்டா.

இயந்திரத்தின் துணைகொண்டு எழுதியதைப் படி எனக் குறிப்போம். நாமே எழுதியதன்கீழ் நம் பெயரை இடுவோம். அப்பையனின் பதினொரு வரியின்கீழும் ஒரு பெயர் இருக்கிறது. அதனைத் தமிழெழுத்தில் அவனே எழுதினான்.